பின்சீட்டிலிருந்து லிஸ்பன் வரை

ஜூன் 3, மியூனிக்

வாடகை மோட்டார் சைக்கிளை இன்று கையில் வாங்கினோம். நான் நினைத்ததைவிடப் பெரியது. பக்கவாட்டுப் பெட்டிகளோடு பார்த்தபோது எங்கள் பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஓடும் சின்ன டிராக்டர் நினைவுக்கு வந்தது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோயிலைச் சுற்றும்போதுகூட இத்தனை நிதானம் கிடையாது.

வாடகைக்கு விடும் கடைக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்து "மிஸ்டர் குலண்டை..." என்று தொடங்கி மூச்சு வாங்கினார். "வேலு போதும்" என்றார் இவர். குழந்தைவேலு என்ற முழுப்பெயரைச் சொல்லிக் கொடுக்க நானும் முயலவில்லை.

கிளம்பும் நேரத்தில் இவர் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். கடைக்காரர் குனிந்து பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் புள்ளியியல் பேராசிரியை. எனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை அன்னிய நாட்டில் நான்தான் விளக்க வேண்டியிருந்தது. "எங்கள் ஊரில் செய்யும் பாதுகாப்புச் சோதனை" என்றேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். பழங்கள் நசுங்கின. சோதனையில் தேறிவிட்டோம்.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. எந்த நாளில் எனக்குப் போதும் என்று தோன்றுகிறதோ அன்று நான் ரயிலேறிவிடலாம். இவர் மட்டும் ஓட்டி வந்து அடுத்த ஊரில் என்னைச் சந்திப்பார். ஏன் என்று கேட்கக்கூடாது. இந்தப் பயணம் இவருடைய ஆசை. லேத் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொன்னாராம். எனக்கு ஞாபகமில்லை.

ஜூன் 4, ஸெல் ஆம் ஸே, ஆஸ்திரியா

ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ள இன்டர்காம் வாங்கிக் கொடுத்தது மகள் இளவேனில். "வலது, இடது, பசிக்குது, இதுக்கு மேல என்ன பேசப் போறோம்?" என்று அப்போது கேட்டேன்.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் காற்றின் இரைச்சல் மட்டும். பிறகு காதுக்குள் இவர் குரல்.

"ஏம்மணி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டியே?"

"என்னங்க?"

"இந்தப் புள்ளியியல்ங்கறது என்னது? காலையில காரை எடுத்துட்டுப் போயி நீ என்னதான் பண்ற?"

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். இதுவரை இவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு சோளக்காட்டில் எல்லாக் கதிரையும் எண்ண முடியாது, அங்கங்கே சிலவற்றை எடுத்துப் பார்த்து முழுக்காட்டின் விளைச்சலைச் சொல்ல வேண்டும், அதைச் சரியாகச் செய்யும் முறைதான் என் வேலை என்றேன். இவர் கொஞ்ச தூரம் யோசித்தார்.

"அப்ப நீ எடுக்காத கதிருக்கெல்லாம் கோவம் வராதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது மைக்கில் கேட்டிருக்கும்.

ஜூன் 5, லியன்ஸ்

பெரிய மலைப்பாதை. சாலையின் இரு பக்கமும் வெட்டி வைத்த பனிச்சுவர். வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரம் முழுக்க இவர் லேத்தில் உளியைத் தீட்டுவது எப்படி என்று சொல்லிக்கொண்டே ஏறினார். எந்தக் கோணம், எவ்வளவு தண்ணீர், பொறி என்ன நிறத்தில் பறந்தால் நிறுத்த வேண்டும். குரல் ஒரு இடத்தில்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. இரண்டாவது முறையாகவும் அதையே சொன்னார் என்பதைக் கடைசியில்தான் கவனித்தேன்.

கீழே இறங்கியதும், "மேல பனி பாத்தியா?" என்றார்.

"பாத்தனுங்க."

"பாத்திருப்ப, பாத்திருப்ப."

ஜூன் 6, லியன்ஸ்

மழை. வண்டியை எடுக்கவில்லை. சாக்ஸ்களைத் துவைத்து, தலை உலர்த்தும் கருவியால் காய வைத்தேன். சின்னக் குக்கரில் அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன். தாளிக்க வழியில்லை. வாசனை வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்ததில் தரை நனைந்தது.

எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். "உப்பு போதுங்களா?" என்றேன். "போதும்" என்றார். பிறகு அவர் வரைபடத்தைப் பார்த்தார், நான் மழையைப் பார்த்தேன். வீட்டிலும் இப்படித்தான். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நாளை மழை விடும் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். மறுபடி ஒருமுறை போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஜூன் 7, இத்தாலி எல்லை தாண்டி

நாள் முழுக்க வண்டியில். என்ன பேசினோம் என்று எழுத உட்கார்ந்தால் எழுதும்படியாக எதுவுமில்லை. தொண்டை கட்டியிருக்கிறது.

ஜூன் 8, உதினே

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியிருந்தோம். இரு பக்கமும் இடுப்பளவு மக்காச்சோளம், வாய்க்காலில் தண்ணீர், பின்னால் நீலமாக மலை. "பொள்ளாச்சி தாண்டி உடுமலை போறாப்பலயே இருக்குது அம்மணி" என்றார் இவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போக்குவரத்தே இல்லாத சின்னச் சாலை. ஒரு மரத்தடியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். கிளம்பும்போதே ஒரு கதையைத் தொடங்கியிருந்தார்.

"கண்ணாலமான புதுசுல எனக்கு உன்னக் கண்டா பயம்."

"எதுக்குங்க?"

"யுனிவர்சிட்டிக்காரி. நானு டிப்ளமோ. பட்டறையில ஒக்காந்து தெனமும் இங்கிலீஷ் பேப்பர்ல தலையங்கம் படிப்பேன். பக்கத்துல டிக்‌ஷனரி. ராத்திரிச் சோத்துக்கு ஒக்காரும்போது உன்கூடப் பேசோணும்னு."

"என்கிட்ட ஒருநாளும் பேசலையே?"

"எங்க? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ 'ரசம் ஊத்தட்டுங்களா'ம்ப. நான் 'ஊத்து'ம்பேன். அவ்வளவுதான், உலக வங்கி போச்சு! ஒரு வருசம் படிச்சேன் அம்மணி. ஒரு வருசமும் ரசத்துலயே போச்சு."

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். முதுகில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். இவரும் சிரித்தார். அப்படியே ஒரு வளைவில் திரும்பியபோது வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எங்களுக்கு நேர் எதிரே வந்தது.

நாங்கள் சாலையின் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மரத்தடியிலிருந்தே. நம் ஊர்ப்படி.

இவர் வண்டியை மக்காச்சோளத்துக்குள் விட்டார். பயிர் எங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது போல, வண்டி மெதுவாகச் சாய்ந்தது. நான் பயிர்மேல் உட்கார்ந்த நிலையில் இருந்தேன். முட்டியில் சிராய்ப்பு மட்டும். டிராக்டர்க்காரர் இறங்கி வந்து இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிக் கத்தினார். பிறகு என்னைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு, வண்டியை நிமிர்த்த இவரோடு சேர்ந்து கைகொடுத்தார். போகும்போது இவருடைய வலது தோளைப் பிடித்து இரண்டு முறை தட்டிவிட்டுப் போனார். மொழி தேவைப்படவில்லை.

மறுபடி கிளம்பும்போது என் காதில் ஒரு சின்னக் கீச்சொலி கேட்டது. இன்டர்காமை இவர் அணைத்திருந்தார். உதினே வரை காற்றின் இரைச்சல்.

நானும்தான் பார்க்கவில்லை. அதைச் சொல்ல வாய்ப்பு வரவில்லை.

ஜூன் 9, உதினே

ஞாயிறு. ஓய்வு. முட்டிக்குக் களிம்பு வாங்க ஒரு மருந்துக்கடை திறந்திருந்தது.

காலை உணவின்போது இவர் ரொட்டியைப் பார்த்தபடியே, "நாளைக்கு நீ ட்ரெயின்ல வா அம்மணி. வெரோனால பாத்துக்கலாம்" என்றார்.

"ஏனுங்க?"

"பேசிட்டே ஓட்டுனா எனக்கு ஊரு மறந்துருது. நீ பின்னாடி இருந்தாப் பேசாம இருக்க முடியல."

"வெரோனாவுக்கு அப்புறம்?"

"அப்புறமும் ட்ரெயின்தான். லிஸ்பன் வரைக்கும் ட்ரெயின் போகுது. பாத்துட்டேன்."

ரயிலில் போவதில் எனக்கு ஆட்சேபமில்லை. முட்டிக்கும் நல்லது. ஜன்னல் ஓரம் கிடைத்தால் விடைத்தாள்களுக்கு மதிப்பெண் போடும் வேலையைக்கூட முடித்துவிடலாம்.

விடைத்தாள் எதையும் நான் கொண்டுவரவில்லை.

ஜூன் 10, வெரோனா

ரயில் சுத்தமாக இருந்தது. சரியான நேரத்துக்கு வந்தது. மெஸ்த்ரேயில் மாற வேண்டும். எதிர் இருக்கையில் ஒரு கிழத் தம்பதி ஏதோ சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், ஒரு நிலையம்கூட ஓயவில்லை. இறங்கும்போது அந்த அம்மா மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு இத்தாலிய மொழி தெரியவில்லை.

வழியில் இளவேனில் கூப்பிட்டாள்.

"எங்கம்மா இருக்க? சத்தமே இல்ல?"

"ட்ரெயின்ல."

"ட்ரெயின்லயா? ரெண்டு பேரும் சண்டையா?"

"சண்டை எதுக்கு? முட்டி வலி."

அவள் நம்பவில்லை. "வெள்ளிக்கிழம அப்பா எனக்கு மெசேஜ் போட்டிருந்தாரும்மா. 'உங்கம்மா நல்லாப் பேசறா'ன்னு. மூணு ஆச்சரியக்குறி போட்டு. அப்பா ஃபோன்ல ஆச்சரியக்குறி எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாதும்மா."

சிக்னல் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மதியத்துக்கே வந்திருக்க வேண்டியவர். விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே புழுக்கமாக இருந்தது. மாலை வெயில் சாயும்போது வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஏனுங்க இவ்வளவு நேரம்?"

"மெதுவா வந்தேன். ரோட்டுல சின்னக் குழி வந்தாலும் குதிரையாட்டம் தூக்கிப் போட்டுது."

வண்டியின் திரையைப் பார்த்தேன். மூலையில் சின்னதாக இரண்டு ஹெல்மெட் படம். இருவர் உட்கார்ந்தால் அந்த அமைப்பு. பின்பக்க ஸ்பிரிங்கை அது விறைப்பாக்கும். ஒருவர் மட்டும் போனால் ஒரு பொத்தானை அமுக்கி ஒற்றை ஹெல்மெட்டுக்கு மாற்ற வேண்டும் என்று இவர் எனக்கு முதல் நாளே விளக்கியிருந்தார்.

"இத மாத்தலீங்களா?"

"மறந்துட்டேன்" என்றார்.

பட்டறையில் ஒரு பெல்ட் அரை அங்குலம் நகர்ந்தால் அடுத்த அறையில் இருந்துகொண்டே கண்டுபிடிப்பவர். அவ்வளவு தூரமும் இரண்டு ஹெல்மெட்டுக்கு முறுக்கி வைத்த வண்டியில் தனியாகத் தூக்கிப்போடப்பட்டு வந்திருக்கிறார். மறந்துவிட்டாராம்.

களிம்பை அவருக்குக் கொடுத்தேன்.

ஜூன் 11, குனியோ

காலையில் இவர் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதற்குள் வியர்த்துவிட்டது.

"நான் வண்டியிலதான் வர்றனுங்க."

"வேண்டாம் அம்மணி. நம்ம ஒப்பந்தம் இருக்குதல்லோ."

"ஒப்பந்தம் எனக்குப் போட்டது. நான் வேண்டாம்னாத்தான் ட்ரெயின். நீங்க வேண்டாம்னு சொல்றதுக்கு அதுல எடமில்ல."

இவர் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஹேண்டில்பார்.

"உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஆகலையே."

"ஆயிருந்தா?"

ஆகியிருந்தால் என்ன என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். அந்த நேரத்தில் ஹெல்மெட் கண்ணாடியைத்தான் இறக்கிக்கொண்டேன். இவர் கண் சிவந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் என்னுடையதை இவர் பார்த்திருக்க முடியாது.

"ஒரே ஒரு தடவ நடந்தத வெச்சு, பேச்சாலதான் நடந்துதுன்னு முடிவு கட்டக் கூடாதுங்க" என்றேன். "நின்ன எடத்துலருந்து கிளம்பினப்பத்தான் தப்புப் பண்ணினோம். ஓடும்போது இல்ல."

"பண்ணினோமா?"

"நானுந்தான் பாக்கல. எனக்கும் ரெண்டு கண்ணிருக்குது."

இவர் துடைப்பதை நிறுத்தினார். "இது உன்ற சோளக்கணக்கா?"

"ஆமாங்க."

அங்கேயே ஒரு விதி போட்டோம். எங்கே நின்று கிளம்பினாலும், சாலையின் நடுக்கோடு எங்கள் இடது கைப்பக்கம் இருக்கிறதா என்று நான் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். அதுவரை இருவரும் வாய் திறக்கக்கூடாது.

"நீயும் தொறக்கக் கூடாது" என்றார்.

"நானும்."

கிளம்பினோம். நடுக்கோடு இடப்பக்கம். "சரி" என்றேன். சத்தமில்லை. ஊர் எல்லை தாண்டியது. திராட்சைத் தோட்டங்கள் வந்தன. இன்டர்காமை மறுபடி அணைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். கையை எடுத்து அதைத் தொட்டுப் பார்த்தேன்.

"இப்பப் பேசலாமா?" என்று காதுக்குள் கேட்டது.

"எப்பவோ சரின்னுட்டனுங்களே!"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

ஜூன் 12, பிரான்சுக்குள்

மலை ஏறும்போது சொன்னேன். அவர் முதுகு மட்டுமே தெரியும்போது சொல்வது எளிதாக இருக்கிறது.

"நீங்க நாள் முழுக்க மெஷின் சத்தத்துல நிக்கிறீங்க. வீட்டுக்கு வந்தா அமைதியா இருக்கோணும்னு நெனப்பீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் ராத்திரிச் சோத்துக்கு ஒக்காரும்போது நான் பேசறதில்ல. இளவேனில் சின்னப் புள்ளையா இருக்கையில அவளையும் பேசவேண்டாம்னு அடக்கி வெப்பேன்."

இரண்டு வளைவுகள் கடந்தன.

"அடக் கெரகமே" என்றார்.

பிறகு ஒரு சுரங்கப்பாதை வந்தது. அதற்குள் சிக்னல் கரகரத்தது. வெளியே வந்ததும், "நானு, படிச்சவ யோசன பண்ணீட்டு இருப்பா, கெடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார்.

இருவரும் எத்தனை மரியாதையாக இருந்திருக்கிறோம்.

ஜூன் 15, கர்கஸோன் அருகே

சலவை. இவருடைய ஒரு சாக்ஸ் காணவில்லை. வரும் வழியில் உலக வங்கியைப் பற்றிப் பேசினோம். இவருக்கு இன்னமும் கொஞ்சம் ஞாபகமிருக்கிறது. பெரும்பாலும் தப்பாக.

ஜூன் 17, சாலமான்கா

வெயில் கொளுத்துகிறது. ஒரு பெட்ரோல் நிலையத்திலிருந்து கிளம்பி நான் நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இவர் அசையவில்லை. "சரி" என்ற பிறகுதான் வேகம் எடுத்தார். பெரிய சாலைகளில் வெறும் சம்பிரதாயம்தான், இங்கே தப்பான பக்கம் போகவே முடியாது. ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டு நாளாக நான்தான் அதிகம் பேசுகிறேன். என் துறைத்தலைவரைப் பற்றி இவருக்கு இப்போது என்னைவிடக் கோபம்.

ஜூன் 19, லிஸ்பன்

வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். மக்காச்சோளத்தில் பட்ட கீறலை இவரே முதலில் காட்டினார். வாங்கிக்கொண்டவர் பெட்டிகளைத் திறந்து மூடி, கையெழுத்து வாங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். இவர் கதவு வரை கூடவே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

ஹெல்மெட்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். இன்டர்காம்களைத் தனியாகக் கழற்றி, சார்ஜர் கம்பியைச் சுருட்டி அதன் டப்பாவிலேயே போட்டேன். விமானம் நாளை மறுநாள். ஜூலையில் பட்டறை, பல்கலைக்கழகம், எல்லாம்.

அறைக்கு வந்த பிறகு, "சூட்கேஸ் பூட்டு சாவி எங்க?" என்று கேட்டார். "பர்ஸ்ல" என்றேன்.

ஜூன் 20, லிஸ்பன்

காலை உணவு. "காப்பி நல்லாருக்குங்களா?" "இருக்குது."

பிறகு கோட்டை பார்த்தோம், ஒரு தேவாலயம் பார்த்தோம். பயணக் கையேட்டை நான் வாசித்தேன். அவர் கேட்டார். வாசிப்பதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

மதியம் ஏற்றமான ஒரு தெருவில் சின்ன உணவகம். நடைபாதையிலேயே மேசை போட்டிருந்தார்கள். வறுத்த மத்தி மீன் சொன்னோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். மீன் வந்தது. முள் எடுத்தோம். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், தண்ணீரை எடுத்துக் குடித்தார். நான் "எலுமிச்சம்பழம் பிழியட்டுங்களா?" என்றேன். "பிழி" என்றார்.

பிழிந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இவருக்குப் பக்கத்தில், இவர் பார்க்கும் திசையையே பார்க்கும்படி போட்டு உட்கார்ந்தேன். மேசை அசைந்ததில் தம்ளர் தளும்பியது. பரிமாறும் பெண் ஓடி வந்து, என்ன குறை என்று தெரியாமலே என் தட்டு, முள்கரண்டி, ரொட்டிக் கூடை எல்லாவற்றையும் இந்தப் பக்கம் மாற்றி வைத்தாள்.

"என்னாச்சு அம்மணி?"

"அங்க வெயில் கண்ணுல அடிக்குதுங்க."

நான் உட்கார்ந்திருந்த இடத்தை இவர் எட்டிப் பார்த்தார். குடையின் நிழல் முழுக்க அங்கேதான் விழுந்திருந்தது.

"வெயில் இந்தப் பக்கந்தான அடிக்குது?"

"தெரியுமுங்க."

இவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தோள் மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் தெரு. மஞ்சள் டிராம் ஒன்று முனகிக்கொண்டே ஏறி வந்து, பாதி ஏற்றத்தில் நின்று, யாரையோ இறக்கிவிட்டு, பின்னால் வழுக்காமல் மறுபடி ஏறிப் போனது. அது திருப்பத்தில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த ஏத்தத்துல அதுக்கு பிரேக் எப்படிப் புடிக்குதுன்னு நெனைக்கற?" என்றார்.

"தெரியலீங்க. சொல்லுங்க."

சொன்னார். மீன் ஆறிப்போனது.